ஏழாவது ஆணி

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியத் தபாலில் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. தாத்தா வேலை பார்த்த அதே கல்லூரியில், அதே மைதானத்தில், உடற்பயிற்சி இயக்குநர் வேலை உனக்குக் கிடைத்துவிட்டது என்ற வரியை மூன்று முறை படித்தேன். பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். அதிலிருந்த நாலு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருக்கும் தாத்தாவின் ஆணிப் பலகையை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பித்தளை வில்லைகளில் ஏழாம் எண் மட்டும் காணவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் உன் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்திரக் கடையில் புதிதாக ஓர் ஏழு வெட்டச் சொல்லியிருக்கிறாய். சாந்தோம் கடற்கரையிலிருந்து அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும் அந்தப் பழைய ஓட்டத்தைத் தாத்தா பெயரில் மறுபடி நடத்தப்போவதாகவும் எழுதியிருக்கிறாய்.

முதலில் அந்தக் கடைக்குப் போய், ஏழாம் எண்ணை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. பிறகு உட்கார்ந்து இதைப் படி. உனக்கு எழுதும் கடிதம்தான் இது. ஆனால் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ரங்கன் என்று ஒருவர் எங்கேயாவது உயிரோடு இருந்தால் அவர் கண்ணில் இது பட வேண்டும். அவர் யார் என்பது பின்னால் வரும். பள்ளிக்கூடத்தில் நான் எதையும் முதலிலிருந்து வரிசையாக எழுதும் பெண். இந்த வயதிலும் எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

உன் தாத்தாவை, என் அப்பாவை, நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், முட்டிக்குக் கீழே இழுத்துக் கட்டிய காலுறை. அவர் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். அப்போது அந்த வேலைக்குச் சரியான பெயர்கூட இல்லை. ‘டிரில் மாஸ்டர்’ என்பார்கள், சற்று இளக்காரமாக. இன்று உனக்குக் கிரிக்கெட்டுக்கு ஒருவர், ஹாக்கிக்கு ஒருவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ஒருவரே கிரிக்கெட், ஹாக்கி, ஃபுட்பால், ஓட்டம், தாண்டுதல், குண்டெறிதல், கயிறிழுப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். “வெயிலடிச்சா கிரிக்கெட்டு, மழை பெஞ்சா ஃபுட்பாலு, காத்தடிச்சா நம்மளயே பட்டமா வுட்டுருவாரு” என்று மாணவர்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அவரிடம் சொன்னபோது, “பட்டத்துக்கும் ஒரு போட்டி வெக்கலாம் பாப்பா” என்றார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே யோசிக்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

எனக்கு ஆறு வயதில் என் அம்மா இறந்துபோனார். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மயிலாப்பூரிலிருந்து அழைத்துப் போவார். மாம்பலத்தில் ஏரியை வற்றவைத்துத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்லூரிக்கு அப்போது சொந்த மைதானம் இல்லை. ஏரியின் அடி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அப்பா பிள்ளைகளை ஓடவைத்தார். மண்ணெல்லாம் நத்தைக் கூடு. இருபது பேர் ஓடினால் நொறுங்கும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். நான் ஒன்றைக் கவனித்தேன். விசில் ஊதி எல்லோரும் நின்ற பிறகும் அந்தச் சத்தம் சட்டென்று நிற்காது. இன்னும் நாலைந்து அடி தூரம் யாரோ ஓடி நிற்பதுபோல் தேய்ந்து மறையும். மண் பாளம் அமுங்கும் சத்தம் என்று அப்பா சொன்னார். அந்த விளக்கத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பயம் மட்டும் போகவில்லை.

பிறகு சாந்தோமுக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிக் கல்லூரிக்கு ஒரு மைதானம் கிடைத்தது. அங்கே ஓர் ஓலைக் கொட்டகை. அதன் வெளிச்சுவரில்தான் அந்தப் பலகை தொங்கியது. பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு மேல் எண், ஒவ்வொன்றிலும் அதே எண் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. நெடுந்தூரம் ஓடுகிறவன் தன் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று கணக்கு. அதன் பிறகு அப்பா எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். வகுப்பறையில் இங்கிலீஷில் கூப்பிடுவார்கள். மைதானத்தில் அப்பா தமிழில்தான் எண்ணுவார். பதில் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “பிரசண்ட் சார்.” வில்லையைத் தொலைத்தவனுக்குத் தண்டனை உண்டு. கிரிக்கெட் ஆடுகளத்தின் இரும்பு ரோலரை ஒரு வாரம் தனியாக இழுக்க வேண்டும். மூன்று பேர் இழுக்கும் ரோலர் அது. ஒரு முறை ஒருவனுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியதைப் பார்த்தேன். பலகையைத் துடைப்பதும் வில்லைகளை வரிசையாக வைப்பதும் என் வேலை. எண் வெட்டாத வெற்று வில்லை ஒன்றும் இருந்தது. எப்போதாவது தேவைப்படும் என்று அப்பா வாங்கி வைத்தது. அதுவும் என் பொறுப்பில்தான்.

ஏழாம் எண் சூசையுடையது. சாந்தோம் குப்பத்துப் பையன். அவன் அம்மா ரோசம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்பவர். கரையில் வலை இழுத்தவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கல்லூரி முதல்வரிடம் நாலு நாள் வாதாடி அப்பா அவனைச் சேர்த்துவிட்டார். அவனை யாரும் ஓட்டத்தில் முந்தியதில்லை. எனக்குப் பதினொரு வயது. புத்தகப் பைத்தியம். கல்லூரி நூலகத்திலிருந்து அவன் பெயரில் எனக்குப் புத்தகம் எடுத்து வருவான். “ரெண்டு நாள்ல குட்த்துரணும் பாப்பா. புஸ்தகத்துல மீன் வாசன வந்தா எங்கம்மா மேல பழி வரும், எம்மேல வராது” என்பான். பதில் சொல்லும்போது ‘சா...ர்’ என்று கடைசி எழுத்தை இழுப்பான். அது அவனுக்கு மட்டுமே உள்ள வழக்கம்.

மார்கழியின் கடைசி வாரம். விடிந்து அரை மணி நேரம் ஆகியும் பனி விலகவில்லை. கடல் இருக்கிறது என்பது சத்தத்தால்தான் தெரிந்தது. பன்னிரண்டு பேரும் கழுத்தில் வில்லையோடு தெற்கே ஓடினார்கள். அடையாறு கடலில் சேரும் இடத்தில் அப்போதெல்லாம் வருஷத்தில் பாதி நாள் மணல் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மணல்மேட்டைக் கடந்து ஊரூர்க் குப்பத்துப் பக்கம் நட்டிருக்கும் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அப்பா முந்தைய நாள் சாயங்காலமே போய் மேட்டை மிதித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கெட்டியாக இருந்தது. ஆனால் மறுநாள் விடிவதற்குள் ஆறு ஓரத்தில் உடைத்துக்கொண்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்திருக்கிறார்கள். சூசை முன்னால் போய்விட்டான். அவன் எப்போதும் முன்னால் போகிறவன் என்பதால், பனியில் அவனை யாரும் தேடவில்லை. திரும்பும்போதும், அவன் முன்னாலேயே வந்து சேர்ந்திருப்பான் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் எண் பையனுக்குப் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு திரும்பியவனைக் கொட்டகைக்குள் படுக்கவைத்து அப்பா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. துருவப் பயணம் பற்றிய ஒரு புத்தகம் என் மடியில் இருந்தது, சூசை எடுத்துக்கொடுத்தது. ஒவ்வொருவராக மூச்சிரைக்க வந்து வில்லையை மாட்டிவிட்டு எனக்குப் பின்னால் மணலில் போய் விழுந்தார்கள். கொட்டகைக்குள்ளிருந்தே அப்பா எண்ணத் தொடங்கினார். அவர் முதுகு அவர்கள் பக்கம். நான் பலகையைப் பார்த்து நின்றேன். என் முதுகும் அவர்கள் பக்கம்.

“ஐந்து?” “பிரசண்ட் சார்.” “ஆறு?” “பிரசண்ட் சார்.” “ஏழு?”

ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் இல்லை. பிறகு, “பிரசண்ட் சா...ர்.”

எனக்குப் பின்னாலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்சம் தூரமாக, ஈரத் துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் அமுங்கி. அப்போதுதான் பலகையில் ஏழாவது ஆணி காலியாக இருப்பதைப் பார்த்தேன். சூசை வந்துவிட்டான், வில்லையைக் கடலில் தொலைத்துவிட்டான் என்று முடிவு செய்தேன். ரோலரும் தோல் உரிந்த உள்ளங்கையும் நினைவுக்கு வந்தன. திரும்பி அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். நான் திரும்பவில்லை. பெட்டியிலிருந்து வெற்று வில்லையை எடுத்து, வழவழப்பான பக்கம் தெரியாமல் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, ஏழாவது ஆணியில் மாட்டிவிட்டேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து பலகையை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு. விசில் ஊதினார். எல்லோரும் கலைந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரோசம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கூடை காலியாக இருந்தது. “இன்னா வாத்யாரே, எம்புள்ளைய இன்னும் வுடலியா நீ? சோறு ஆறிப்போய் கெடக்குது” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “காலையிலேயே போய்ட்டானே ரோசம்மா. நான் கூப்பிட்டேன், பதில் சொன்னான். வில்லையும் பலகையில இருந்துது” என்றார் அப்பா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். அன்று இரவும் மறுநாள் முழுவதும் இரண்டு குப்பத்துக் கட்டுமரங்களும் தேடின. எதுவும் கிடைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

மறுநாள் காலை மற்ற பதினொரு பேரையும் அப்பா மைதானத்தில் நிறுத்தினார். வகுப்பில் வராத நண்பனுக்காக இன்னொருவன் ‘பிரசண்ட்’ சொல்வது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். ஏழுக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்டார். ஒவ்வொருவரும் தான் இல்லை என்றார்கள். எல்லோரும் ரங்கனைப் பார்த்தார்கள். ரங்கன் பத்தாம் எண். பேராசிரியர்களிலிருந்து வாயில்காவலர்வரை எவர் குரலையும் அப்படியே பேசிக் காட்டுகிறவன். அவன் அழுதான். “சத்தியமா நான் இல்ல சார். சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அவன் எங்கயாவது ஒதுங்கியிருப்பான், காப்பாத்தலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவனே சொல்லிட்டான் சார்.”

“எங்கேருந்து சொன்னான்?” என்றார் அப்பா.

ரங்கன் கையைத் தூக்கிக் கடலைக் காட்டினான். அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் பலகையைப் பார்த்தேன். ஏழாவது ஆணி காலியாக இருந்தது. நான் மாட்டிய வெற்று வில்லை இல்லை. மணலில் தேடினேன், பெட்டியில் தேடினேன். எங்குமே இல்லை. அவன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவனுடையது இல்லாத ஒன்றை நான் அவன் ஆணியில் மாட்டினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருவான் என்று நினைத்தேன். பல வருஷம், ஈரக் கால் தரையில் படும் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவுத் தாழைப் பார்ப்பேன்.

முதல்வரின் விசாரணையில் அப்பா, “பலகையை எண்ணியவன் நான். தவறு என்னுடையது, வேறு யாரையும் கேட்க வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தார். வேலையை விடுகிறேன் என்றார். அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் மாணவர்கள் ரங்கனை விடவில்லை. குரல் கொடுத்தவனும் அவன்தான், ஏதோ ஒரு வில்லையை மாட்டி ஏமாற்றியவனும் அவன்தான் என்று பேசினார்கள். அவன் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. “நம்ம ரங்கன் கூப்புட்டா செத்தவனும் பதில் சொல்லுவான்டா” என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். வில்லையை மாட்டியது நான் என்று நான் சொல்லியிருந்தால், பழியில் பாதியாவது அவனை விட்டு இறங்கியிருக்கும். நான் வாய் திறக்கவில்லை. வகுப்பில் நல்லொழுக்கத்துக்குப் பரிசு வாங்கிய வருஷம் அது.

சில வருஷத்தில் அப்பா பல கல்லூரிகள் சேர்ந்த தடகளச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். பாதையின் அளவு, நடுவர்கள் நிற்க வேண்டிய இடம், எந்தக் காற்றில் போட்டியை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் எழுதிய விதிகளில் இருந்தது. நான்தான் அவற்றைப் பிரதி எடுத்தேன். முதல் விதி இது: ஓடிய ஒவ்வொருவரின் முகத்தையும் பொறுப்பாளர் தம் கண்ணால் பார்க்கும்வரை போட்டி முடிந்ததாகாது. “செக்ரட்டரி ஆட்டுமந்தை எண்ணுறாரு” என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் சிரித்தார்கள். இன்னொன்று எந்த விதியிலும் எழுதாதது. ஏழாம் எண்ணை எந்த ஆட்டத்திலும் யாருக்கும் கொடுக்க மாட்டார். ஆனால் கூப்பிடுவார். ஆறுக்குப் பிறகு ஏழு என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு எட்டு.

வியாபாரம் முடிந்த காலைகளில் ரோசம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வந்து நிற்பார். ஏழு கூப்பிட்டு முடிந்ததும் என்னிடம் வருவார். “இன்னிக்கி சொன்னானா பாப்பா?”

“இல்லீங்க.”

“சொல்லுவான். ஓடிக்கினுதான் கீறான். தூரம் சாஸ்தி, இன்னா பண்ணுவான்?” பிறகு ஒவ்வொரு முறையும் இதையும் சொல்வார்: “வில்ல மாட்டியிருந்திச்சுன்னு வாத்யாரு தன் வாயால சொன்னாரே. அப்போ வந்து மாட்டிட்டுதானே திரும்பப் போயிருக்கான்? வந்தவன் இன்னொருக்கா வர மாட்டானா?”

மகனே, அந்த அம்மாளின் நம்பிக்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது நான் மாட்டிய பொய்யில்தான். ஏழு வருஷம் அவர் அப்படிக் கேட்டார். ஏழு வருஷமும் நான் என் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலத்து நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். ‘இன்று எட்டுப் பேர் மணலில் பாதித் தூரம் ஓடித் திரும்பினார்கள். எல்லோரும் போன பின் போகிற தடங்களை எண்ணினேன். எட்டு. வருகிற தடங்களை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதாவது தடம் தண்ணீர் ஓரமாகவே வந்து, கொட்டகைக்கு இருபது அடி முன்னால் நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை. அப்பாவைக் கூப்பிடப் போய் வருவதற்குள் அலை வந்துவிட்டது.’ சிறுமி தப்பாக எண்ணியிருப்பாள் என்று நீ சொல்வாய். எனக்குக் கணக்கில் ஒரு முறைகூட நூற்றுக்குக் குறைந்ததில்லை.

உனக்கு ஃபுட்பால் அணியில் ஏழாம் எண் சட்டை கொடுத்தபோது, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பள்ளிக்கே வந்து உன் காப்டனிடம் சண்டை போட்டு மாற்றினேன். நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ரயிலில் ஏறினால் இறங்கும்வரை உன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். “நான் என்னம்மா, ஆட்டுக்குட்டியா?” என்று கத்துவாய். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பயத்தை மட்டும் உனக்குக் கொடுத்துவிட்டு, கதையை நானே வைத்துக்கொண்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

அப்பாவின் கடைசிப் போட்டி முப்பதுகளின் முடிவில், அதே மைதானத்தில். எனக்குப் பதினெட்டு வயது. அதற்கு இருபது நாள் முன்னால் ரோசம்மா இறந்துபோயிருந்தார். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, கையில் தடி வந்துவிட்டது. ஓட்டம் முடிந்து மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார். “ஐந்து. ஆறு.” பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, நிறுத்தாமல், “எட்டு” என்றார். கேட்க வேண்டியவர் போய்விட்டார், இனி எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

“பிரசண்ட் சா...ர்.”

எட்டாம் எண் பையன் உயரமாக, என் எதிரிலேயே நின்றான். அவன் உதடு அசையவில்லை. சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் மணலும் அலையும்தான். பிறகு தயங்கித் தயங்கி அவனும், “பிரசண்ட் சார்” என்றான். “எத்தன எட்டுடா கீது இந்தக் கூட்டத்துல?” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.  அப்பா கடைசிவரை எண்ணி முடித்துத்தான் விசில் ஊதினார்.

ஜட்காவில் வீட்டுக்குத் திரும்பினோம். வண்டி கச்சேரி ரோட்டில் திரும்பியது. “உனக்குக் கேட்டுதா பாப்பா?” என்றார் அப்பா.

“என்னதுப்பா?”

அவர் என்னையே பார்த்தார். “எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

குதிரைக் குளம்படியை எண்ணினேன். பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது. “ஒண்ணுமில்லப்பா” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டார். அது சூசையின் குரலாகத் தனக்கு மட்டும்தான் கேட்டது, தன் புத்திதான் தடுமாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டே அவர் மிச்சமிருந்த நாலு மாதத்தையும் கழித்திருப்பார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் தாங்க முடிவதில்லை.

அவர் இறந்த பிறகு ஸ்டாப் வாட்ச் இருந்த தோல் உறையைத் திறந்தேன். வாட்சுக்கு அடியில், மெத்தைத் துணிக்குள், அந்த வெற்று வில்லை இருந்தது. நான் சுற்றிய கயிற்றுச் சுற்றுகூட அவிழ்க்கப்படவில்லை. முதல் நாள் சாயங்காலம், ரோசம்மாவோடு கடற்கரைக்கு ஓடிய வழியில், அவரே பலகையிலிருந்து அதை எடுத்திருக்கிறார். பெட்டியின் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? முதல்வரிடம் எழுதிக் கொடுத்தபோது தெரியும். ரோசம்மா வில்லையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தெரியும். ஜட்காவில் கேட்டபோதும் தெரியும். அவரும் நானும் ஒரே வீட்டில், ஒரே பொய்யை, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஏழு வருஷம் பாதுகாத்து வந்திருக்கிறோம். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். அவர் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டபோது சொல்லவில்லை.

ரங்கன் அவர்களே, இதைப் படித்தால், வில்லையை மாட்டியது நான். குரல் உங்களுடையது இல்லை என்பதும் எனக்கு அன்றே தெரியும். உங்களுக்குக் கேட்ட அதே குரல்தான் எனக்கும் கேட்டது.

பலகையை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன், மகனே. பதினொரு வில்லையும், அந்த வெற்று வில்லையும் உள்ளே இருக்கும். ஓட்டம் நடத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றைத் தாண்டாதே. அடையாற்றுக்கு இப்புறமே கம்பத்தை நடு, அன்று காலையே போய் மிதித்துப் பார். பிள்ளைகள் எதைத் தொலைத்தாலும் ரோலர் இழுக்கவைக்காதே. தண்டனை பெரிதாக இருந்தால், அதிலிருந்து காப்பாற்ற ஒரு குழந்தை எதையும் செய்யும். குரலை நம்பாதே, பலகையை நம்பாதே, முகத்தைப் பார். ஏழாவது ஆணியில் எதையும் மாட்டாதே. ஆனால் ஆறுக்குப் பிறகு ஏழு என்று கூப்பிடு, ஒரு மூச்சு நேரம் நில். தாத்தா ஒரே ஒரு முறைதான் கூப்பிடாமல் விட்டார்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, பலகையைப் புழக்கடைச் சுவரில் சாய்த்து வைத்துத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் பழைய பழக்கத்தில் ஒன்றிலிருந்து எண்ணினேன், வாய்விட்டு. ஏழு என்றதும் நிறுத்தினேன். திருச்சியில் கடல் இல்லை, உனக்கே தெரியும். நீ வரும்போது, ‘ஏதாவது கேட்டதா அம்மா?’ என்று என்னிடம் கேள். இந்த முறை நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த முறை நான் திரும்பியும் பார்த்துவிட்டேன்.

உன் அம்மா